நாவப்பள்ளத்துக்குப் பஸ் வந்த வரலாறு

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு போக்குவரத்துத் துறையில் மனித குலம் எடுத்து வைத்த அடுத்த பெரிய அடி, ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்துப் பக்கம் இருக்கும் நாவப்பள்ளம் என்ற சிற்றூரில் எடுத்து வைக்கப்பட்டது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட அதைப் பூட்டுவதற்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. நாவப்பள்ளத்தில் அந்தக் குறையும் களையப்பட்டது. அங்கே வண்டியே இல்லாமல் பஸ் வசதி செய்து கொடுக்கப்பட்டிருக்கிறது. உலக நாடுகள் இன்னும் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்கும்போது நிச்சயம் வெட்கப்படும்.

இந்தச் சாதனையைப் புரிந்தவர் அன்பழகன். அதே மலையில் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்த அப்பாவும் அம்மாவும் மழையிலும் பனியிலும் பழம் பறித்து அவரைச் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். படித்து முடித்த பிறகுதான் நாட்டில் இன்ஜினியர்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்ற தகவல் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. நல்லவேளையாக அந்தச் சமயத்தில் சென்னையில் 'சுயபடைப்பு இயக்ககம்' என்று ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. மக்கள் ரோடு கேட்கிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள், பஸ் கேட்கிறார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டே அவர்களுடைய படைப்பாற்றல் மழுங்கிப் போகிறது என்பதை இயக்ககம் ஆழ்ந்த ஆராய்ச்சிக்குப் பின் கண்டுபிடித்திருந்தது. எனவே கேட்பதை நிறுத்திவிட்டு மக்கள் தாமே எல்லாவற்றையும் செய்துகொள்ளப் பயிற்சி தருவது என்று முடிவாயிற்று. நாவப்பள்ளத்துப் பழைய காப்பிக் குடோனுக்கு வெள்ளையடித்து, 'தானே செய் கூடம்' என்று பெயர் எழுதி, அதற்கு அன்பழகனை ஒருங்கிணைப்பாளராக நியமித்தார்கள். வாசலில் பெரிய எழுத்தில் கூடத்தின் கொள்கை பொறிக்கப்பட்டது: 'கேட்காதே, செய்!'

கூடத்தின் நடுநாயகமாக ஒரு முப்பரிமாண பிரின்டர் வீற்றிருந்தது. பிளாஸ்டிக் நூலை உருக்கி, மூக்கு வழியாகக் கக்கி, அடுக்கடுக்காகச் சுற்றி, கம்ப்யூட்டரில் வரைந்த பொருளை நிஜப் பொருளாக்கும் அற்புத இயந்திரம் அது. கடையில் கையை நீட்டினால் கிடைத்துவிடுகிற சோப்பு டப்பாவை அது ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நிதானமாகச் செய்யும். நடுவில் கரண்ட் போனால் அரை டப்பாவோடு நிறுத்திக்கொள்ளும். அந்த அரை டப்பாக்களும் வீணாகவில்லை. 'மாதிரி வடிவங்கள்' என்ற தலைப்பில் கண்ணாடி அலமாரியில் வைக்கப்பட்டன. தோசைக் கரண்டி ஒன்றும் செய்யப்பட்டது. ஊதா நிறத்தில் மிக அழகாக இருந்தது. அதை வாங்கிப்போன ராசாத்தி, கரண்டி பாதியும் தோசை பாதியுமாக ஒட்டிக்கொண்ட ஒரு பண்டத்தை மறுநாள் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

ராசாத்தி அந்த ஊர்க் குடியானவப் பெண்மணி. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, வீட்டுக்குப் போதுமான சாமை. ஒரே மகள் சிவசக்தி ஏற்காட்டில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவ்வளவு தூரம் படித்தவர்கள் அதற்குமுன் யாரும் இல்லை.

கரண்டியைத் திருப்பிக் கொடுத்த ராசாத்தி உடனே கிளம்பிவிடவில்லை. இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏனுங்க தம்பி, இதுல எது வேணும்னாலும் செய்யலாமுங்களா?"

"எது வேணும்னாலும் செய்யலாமுங்க்கா. மனசுல நெனச்சாப் போதும்."

"அப்ப ஒரு பஸ் செஞ்சு குடுங்க."

அன்பழகன் சிரித்தார். ராசாத்தி சிரிக்கவில்லை.

"இந்த மெஷின்ல ஒரு சாண் அளவுக்குத்தானுங்க்கா வரும்."

"ஒரு சாண் பஸ்ல யாருங்க தம்பி ஏறிப் போறது? எலியா?"

விஷயம் இதுதான். நாவப்பள்ளத்துக்குச் சாயங்காலம் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் ரிப்பேருக்காக மலையிறங்கிய அந்தப் பஸ், கீழே வெயில் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது. காலையில் சிவசக்தி நடந்தே போய்விடுவாள். வெளிச்சம் இருக்கும், வழித்துணைக்கு எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். சாயங்காலம்தான் சிக்கல். சிறப்பு வகுப்பு முடிவதற்குள் பனி இறங்கிவிடும். ரோட்டில் காட்டெருமைகள் தங்கள் சொந்த வாசலில் நிற்பதுபோல் நிற்கும். ஐயாக்கண்ணுவின் ஷேர் ஜீப் ஒன்று உண்டு. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் போன பிறகுதான் அவர் வண்டியைக் கிளப்புவார். அப்புறம் ஏறுகிறவர்கள் பின்னால் தொங்க வேண்டும். ஆம்பளைகளுக்கு நடுவில் இருட்டில் பெண்ணைத் தொங்கவிட்டு அனுப்ப ராசாத்திக்கு மனம் ஒப்பவில்லை.

"அரைப் பரீட்சை வரைக்கும் பாப்பேனுங்க தம்பி. தெனமும் நானே பாதி தூரம் டார்ச் லைட்டைத் தூக்கிக்கிட்டு எதிரால போறேன். எத்தன நாளைக்குப் போறது? அதுக்குள்ள பஸ் வந்துச்சுன்னா பொண்ணு படிக்கும். இல்லீனா படிச்சது போதும்னு ஊட்டோட நிறுத்திப்போடுவேன்."

 உடனே மேலே எழுதிப்போட்டுப் பஸ் கேட்கலாம் என்றுகூட அன்பழகனுக்கு ஒரு கணம் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தார். 'கேட்காதே, செய்!' என்றது பலகை. அவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டார்.

மறுவாரம் ஊர் மக்களைக் கூட்டி, 'தேவை உணர்தல் பட்டறை' நடத்தினார். சென்னையில் அவருக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது. மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காதில் வாங்கவே கூடாது. அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்பதை மட்டும் கலர் பேப்பரில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

"பஸ் இல்லாதப்ப உங்க மனசு என்ன உணருதுன்னு எழுதுங்க" என்றார் அன்பழகன்.

ராசாத்தி 'கோவம்' என்று எழுதினார். மஞ்சள் பேப்பர். பக்கத்திலிருந்த பெரியவர் 'மொழங்கால் வலி' என்றார். அது உணர்ச்சி ஆகாது என்று விளக்கியபோது, தனக்கு வந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். பச்சைப் பேப்பரில் சிவசக்தி எழுதியிருந்தாள்: 'பஸ் எப்ப வரும்னே தெரியல.'

அன்பழகன் அந்தப் பச்சைப் பேப்பரைக் கையில் எடுத்தார். ஞானம் பிறந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா? பிரச்சின பஸ் இல்லாதது இல்லீங்க. பஸ் எப்ப வரும்ங்கிற தகவல் இல்லாததுதான் பிரச்சின!"

"அண்ணா," என்றாள் சிவசக்தி, "பஸ் வேணும்ங்கிறதத்தான் நான் அப்பிடி எழுதுனேன்."

"அது ஒனக்குத் தோணறது கண்ணு. உள்மனசு வேற சொல்லுது."

தன் உள்மனசு தன்னைக் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டதை அறிந்த சிவசக்தி, அதற்குப் பிறகு எந்தப் பேப்பரிலும் எதுவும் எழுதவில்லை.

இப்படிப் பிறந்ததுதான் 'பஸ் தோழன்.' ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு சட்டென்று திரும்பும் இடத்தில், மரங்கள் விலகி, சேர்வராயன் கோயில் மலை முழுதாகத் தெரியும். கும்பிடு வளைவு என்று பெயர். அந்த இடத்தில் டிரைவர்கள் மூன்று முறை ஹாரன் அடித்துச் சாமியை வணங்கிவிட்டுத்தான் திரும்புவார்கள். பஸ் ஓடிய காலத்தில் அந்த மூன்று ஹாரனைக் கேட்டதும் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். எனவே வளைவில் ஒரு மைக்கைக் கட்டிவிடுவது. மூன்று ஹாரன் கேட்டால், ஊரின் பஸ் ஸ்டாப்பில் ஒரு சிறிய போர்டு 'பஸ் வருகிறது' என்று சிவப்பு எழுத்தில் ஓட்ட வேண்டும். கேட்காவிட்டால் 'பஸ் வரவில்லை.' இவ்வளவுதான். அன்பழகன் ஊண் உறக்கம் மறந்து உழைத்தார். கருவிக்குக் காப்பிப் பழ வடிவத்தில் பிளாஸ்டிக் கூடு செய்தார். மேலே சோலார் தகடு. தகவல் அனைத்தும் தானாகவே சென்னை இயக்ககத்தின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும் வசதியும் உண்டு.

திறப்பு விழாவன்று ஊர் கூடி நின்றது. சாயங்காலம் பனி இறங்கும் நேரத்தில், வளைவிலிருந்து மூன்று ஹாரன் கேட்டது. போர்டு கண் விழித்தது. 'பஸ் வருகிறது.' கைதட்டல் வானைப் பிளந்தது. பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்துவிட்டார். ராசாத்தி போர்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று வந்து அவர்களைத் தாண்டிப் போனது.

அடுத்து மறுபடி மூன்று ஹாரன். 'பஸ் வருகிறது.' பால் வண்டி வந்தது. அதற்கும் பிறகு ஐயாக்கண்ணுவின் ஜீப் வந்தது. தம்மைப் பார்த்து இவ்வளவு கூட்டம் எழுந்து நிற்பதை வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ட ஐயாக்கண்ணு, வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"எனக்குங்களா இந்த ஏற்பாடெல்லாம்? நொம்ப சந்தோசமுங்க."

கும்பிடு வளைவில் கும்பிடாத டிரைவர் அந்த மலையில் கிடையாது என்பது அன்பழகனுக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து ஜீப்பிலும் லாரியிலும் அந்த வளைவைக் கடந்தவர். ஹாரன் கேட்டதும் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டவர். கண்ணை மூடியிருந்ததால் எந்த வண்டியிலிருந்து கும்பிட்டோம் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். சாமி சமாச்சாரம் வேறு, தொழில்நுட்பம் வேறு என்று பிரித்து வைத்திருந்தார். அந்த மலையில் அப்படிப் பிரிக்க முடியாது என்பது இன்ஜினியரிங்கில் பாடமாக இல்லை.

இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம் என்றுதான் மைக்கைக் கழற்ற ஸ்குரூ டிரைவருடன் கிளம்பினார். அதற்குள் போன் வந்துவிட்டது. இயக்ககத்தின் கூடுதல் இயக்குநர் செல்வராஜ் பேசினார்.

"மிஸ்டர் அன்பழகன்! என்ன பண்ணியிருக்கீங்க? உங்க ஊருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பஸ்ஸா? மலைக்கிராமங்கள்லயே நீங்கதான் இப்போ முதலிடம்."

"சார், அது வந்து... லாரி சத்தத்தையும் சேத்து எண்ணுதுங்க சார். கொஞ்சம் திருத்தணும்."

"எதைத் திருத்தணும்?"

"கருவிய சார்."

"நல்லா ஓடிட்டிருக்கிற பஸ்ஸை எதுக்கு நிறுத்தப் பாக்கறீங்க?"

 ஒருங்கிணைப்பாளர் பதவி ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. புதுப்பிக்கிறவர் செல்வராஜ். ஸ்குரூ டிரைவர் மேஜை டிராயருக்குத் திரும்பியது.

ராசாத்தி தம் பங்குக்கு, பஸ் விடச் சொல்லிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருந்தார். கேட்பது தப்பு என்று பலகையில் எழுதியிருந்தும் கேட்டுவிட்டார்; பழக்கதோஷம். வழக்கமாகப் பதில் வராத அந்த அலுவலகத்திலிருந்து, இந்த முறை மறு தபாலிலேயே பதில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்தார்.

"படிங்க தம்பி."

'தங்கள் கிராமத்தில் தினசரி பலமுறை பேருந்துகள் வந்து செல்வது மின்னணுத் தரவுகளால் ஐயந்திரிபற உறுதி செய்யப்பட்டுள்ளதால், தங்கள் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டதாகக் கருதி முடித்து வைக்கப்படுகிறது' என்று இருந்தது. அன்பழகன் வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"அதென்னங்க தம்பி, வராத பஸ்ஸ வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க? ஆரு சொன்னாங்க அவுங்களுக்கு?"

ஆரு சொன்னது என்பது வாசலுக்கு வெளியே சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பேசறேனுங்க்கா. பெரிய சார் நேர்ல வராரு. வரும்போது எல்லாத்தையும் எடுத்துச் சொல்லிடறேன்." அன்பழகன் மனமாரத்தான் சொன்னார்.

செல்வராஜ் உண்மையாகவே வந்தார். 'சிறந்த பேருந்து வசதி பெற்ற மலைக்கிராமம்' என்ற கேடயத்தோடு வந்தார். கேடயமும் பிரின்டரில் செய்ததுதான். கடைசி எழுத்து வரும்போது கரண்ட் போய்விட்டதால் 'மலைக்கிராம' என்பதோடு நின்றிருந்தது. விழா முடிந்ததும், மக்களோடு மக்களாகப் பஸ்ஸிலேயே ஏற்காடு திரும்பப் போவதாகவும், அதைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றும் அறிவித்துவிட்டு, தம் காரை முன்கூட்டியே அனுப்பி வைத்தார். அன்பழகன் தடுப்பதற்குள் கார் வளைவைத் தாண்டிவிட்டது. அதன் டிரைவர் மலை வழக்கம் தெரிந்த சேலத்துக்காரர்; மூன்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனார். போர்டு 'பஸ் வருகிறது' என்றது.

"பாருங்க, உடனே வருது!" என்றார் செல்வராஜ்.

பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். பனி மூக்கு நுனிவரை வந்துவிட்டது. போர்டு விட்டு விட்டு நற்செய்தி சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருமுறை பால் வண்டி. ஒருமுறை மரம் ஏற்றிய லாரி. ஒருமுறை மிளகு மூட்டையும் கணவன் மனைவியுமாக ஒரு மொபெட். செல்வராஜ் ஒவ்வொரு முறையும் முன்னால் ஓரடி எடுத்து வைத்து, புன்னகையைத் தயார் செய்து, மறுபடி பின்னால் ஓரடி வைத்தார். சால்வை போர்த்தியிருந்ததால் பிழைத்தார்.

இதுதான் சமயம் என்று அன்பழகன் தொண்டையைச் செருமினார். "சார், உண்மையச் சொன்னா, இந்த ஊருக்கு..."

அதற்குள் ஐயாக்கண்ணுவின் ஜீப் வந்துவிட்டது. உள்ளே கூடைகள், மூட்டைகள், இரண்டு கோழிகள், அவற்றின் மீதும் அடியிலும் மனிதர்கள். நாவப்பள்ளத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். அதைவிட அதிகம் பேர் ஏறினார்கள்.

"வாங்க சார், வாங்க. பின்னால நல்லா எடம் இருக்குது. கம்பிய மட்டும் விட்டுப்போடாதீங்க" என்றார் ஐயாக்கண்ணு.

ராசாத்தி முன்னால் வந்தார். "சார், இது ஜீப்புங்க. இந்தூருக்குப் பஸ்ஸே கெடையாதுங்க. என்ற பொண்ணு இதுல தொங்கிக்கிட்டுத்தான் வரோணும். நீங்களே பாத்துட்டீங்க. ஒரே ஒரு பஸ் விடச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

 இவ்வளவு தெளிவாக ஓர் உயர் அதிகாரியிடம் உண்மை எடுத்துச் சொல்லப்பட்டு அந்த ஊர் பார்த்ததில்லை. அன்பழகனுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. செல்வராஜ் ஜீப்பைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார். நிர்வாக அனுபவம் என்பது அந்த நேரத்தில்தான் வேலை செய்யும்.

"அம்மா, பஸ்னா என்ன?"

"என்னங்க சார்?"

"பஸ்னா என்னன்னு கேட்கிறேன். ஒண்ணு வரணும். ஜனங்க அதுல ஏறணும். அது போகணும். அவ்வளவுதானே? இது வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"ஜனங்க ஏறினாங்களா?"

"ஏறுனாங்க."

"இதோ நானும் ஏறுறேன். அப்புறம் எங்கம்மா குறை?"

சொல்லிவிட்டு அவர் பின்படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஐயாக்கண்ணு வண்டியை ஏற்காட்டுப் பக்கம் திருப்பிக் கிளப்பினார். சால்வை பின்னால் பறக்க, முகத்தருகே ஒரு கோழி எட்டிப் பார்க்க, கூடுதல் இயக்குநர் பனிக்குள் மறைந்தார். ஏற்காடு போய்ச் சேர்ந்தபோது கைவிரல்கள் கம்பியோடு விறைத்திருந்தன; ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள் என்று பிறகு ஐயாக்கண்ணு சொன்னார். ஆனால் அந்த மனிதரின் கடமை உணர்வு விறைக்கவில்லை. மறுநாளே அவர் அனுப்பிய ஆய்வுரையில் நாவப்பள்ளத்துப் போக்குவரத்து 'பயணிகளின் உடல்ரீதியான பங்கேற்புடன் இயங்கும் முன்மாதிரிப் பேருந்துச் சேவை' என்று பாராட்டப்பட்டிருந்தது. இதே போர்டை மற்ற மலைக்கிராமங்களிலும் வைக்க உத்தரவாயிற்று. எந்தெந்த ஊரில் பஸ் இல்லையோ அங்கெல்லாம் முன்னுரிமை.

அரைப் பரீட்சை முடிந்தது. சிவசக்தி நல்ல மார்க் வாங்கினாள். ராசாத்தி அந்த மார்க்கை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு சொன்னபடியே அவளை நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை, அழவில்லை. டார்ச் லைட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார், அவ்வளவுதான்.

அன்பழகன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. உண்மையிலேயே துக்கப்பட்டார். தாம்தான் காரணம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் செயல்வீரர் அல்லவா? கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? இயக்ககத்துக்கு எழுதி, பஸ் தோழனைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஓர் ஆளைப் போட அனுமதி வாங்கி, அந்த வேலையைச் சிவசக்திக்கே கொடுத்தார். சோலார் தகட்டில் பனி படிந்தால் துடைக்க வேண்டும். எழுத்து மங்கினால் பேட்டரி மாற்ற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு அவள் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்க வேண்டிய அதே பஸ் ஸ்டாப்பில், இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ஆண்டறிக்கையில் 'திட்டத்தால் உருவான வேலைவாய்ப்பு' என்ற இடம் அதுவரை காலியாகக் கிடந்தது. அங்கே 'ஒன்று' என்று நிரப்பும்போது அன்பழகனுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

ஆண்டு விழாவுக்குச் செல்வராஜ் மறுபடி வந்தார். இந்த முறை காரை அனுப்பிவிடவில்லை. இன்ஜினைக்கூட நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாப்பில் துணியும் கையுமாக நின்ற சிவசக்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"யார் இந்தப் பொண்ணு?"

"நம்ம பராமரிப்பாளர் சார்" என்றார் அன்பழகன். "பிளஸ் டூ படிச்சிட்டு இருந்தா. நடுவுல நின்னுட்டா."

"அற்புதம்!" செல்வராஜ் போட்டோக்காரரை அருகில் அழைத்தார். "படிப்பு, வேலைன்னு யாரையும் எதிர்பார்க்காம, தன் வாழ்க்கையைத் தானே செஞ்சுக்கிட்ட பொண்ணு. நம்ம இயக்ககம் எதுக்காக இருக்குன்னு யாராவது கேட்டா, இந்தப் பொண்ணைத்தான் காட்டணும். சொல்லும்மா, இதெல்லாம் நீயே செஞ்சுக்கிட்டதுதானே?"

சிவசக்தி துணியை மடித்துப் போர்டின்மேல் வைத்தாள். அன்பழகனை ஒருமுறை பார்த்தாள். பிறகு, அந்த மலைக்கே உரிய மரியாதை சிறிதும் குறையாமல் சொன்னாள்:

"இல்லீங்க சார். இவ்வளவு பெரிய வேலையத் தனியாச் செய்யற தெறமை எனக்கேதுங்க? நானு பஸ் வேணும்னு கேட்டதோட செரிங்க. மத்ததெல்லாம் நீங்க அத்தன பேரும் சேந்து செஞ்சதுங்க."